சாக்கு உதறும் உருளை: சுழற்ற ஒரு குதிரைவலு, உறிஞ்ச நாலு

யாழ்ப்பாணத்தின் சுன்னாகம், மருதனார்மடம், திருநெல்வேலிச் சந்தைகளில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் இறக்கிய பிறகு வெறுஞ் சாக்குகள் ஒரு மூலையில் குவியும். திரும்பப் பாவிக்க வேண்டுமென்றால் உதற வேண்டும். இன்னும் பல இடங்களில் கையால்தான் உதறுகிறார்கள். இரண்டு பேர் நுனியைப் பிடித்து அடிப்பார்கள், இல்லாவிட்டால் ஒருவர் மதிலில் ஓங்கி அறைவார். வலிகாமத்துச் செம்மண் காய்ந்தால் மாவு மாதிரி. உதறியவரின் தலைமயிரிலும் புருவத்திலும் படிந்த சிவப்பைக் குளித்தால் கழுவிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் நெஞ்சுக்குள் போய்த் தங்கிவிடும். அதற்குள் மணலின் சிலிக்காவும் உண்டு, பழைய சாக்கின் பூஞ்சண வித்துகளும் உண்டு. புகையிலைச் சாக்கு என்றால் மூக்கெரிவும் தலைச்சுற்றும் சேர்ந்து வரும்.

இதற்கென்று பொறி செய்ய நினைப்பவர்கள் எடுத்தவுடன் உருளையைத்தான் செய்கிறார்கள். கம்பியும் வளையமும் வாங்கி வெல்டிங்கால் ஒட்டி, மோட்டர் பூட்டி, சாக்கைப் போட்டுச் சுழற்றுவார்கள். தூசு நன்றாக எழும்பும். எழும்பிய தூசு அதே பெட்டிக்குள் சுற்றிவிட்டு, உருளை நின்றதும் அதே சாக்குகளில் திரும்பப் படியும். கதவைத் திறந்தால் மிச்சம் முகத்தில் அடிக்கும். உருளை தூசைக் கிளப்பும், அவ்வளவுதான். சாக்கைத் துப்புரவாக்குவது அந்தத் தூசை வெளியே இழுத்துப் போகும் காற்று. கையில் உள்ள காசில் பெரிய பங்கை உறிஞ்சு காற்றாடிக்கும் வடிகட்டிக்கும் ஒதுக்கிவிட்டு, மிஞ்சுவதில் உருளையைச் செய்யுங்கள்.

ஒரு தடவைக்கு இருபது சணல் சாக்குப் பிடிக்கும் அளவை எடுத்துக்கொள்வோம். 100 கிலோ பிடிக்கும் சணல் சாக்கு ஒன்று ஏறத்தாழ ஒரு கிலோ நிறை, 50 கிலோ உரப்பை 100 கிராம் அளவில் இருக்கும். விட்டம் 1.2 மீற்றர், நீளம் 1.5 மீற்றர் உள்ள உருளை இதற்குப் போதும். சாக்கு உருளையின் கால்வாசிக்கு மேல் நிரம்பக்கூடாது. நிரம்பினால் விழுவதற்கு இடமில்லாமல் அடியில் ஒரே பொதியாகப் புரளும்.

வேகத்தைக் கண்மதிப்பில் வைக்காதீர்கள். உருளை ஒரு அளவுக்கு மேல் வேகமாகச் சுழன்றால் சாக்கு சுவரோடு ஒட்டிக்கொண்டே சுற்றும், விழாது. அந்த எல்லை வேகத்தைக் கணிப்பது சுலபம்: 42.3 ஐ, மீற்றரில் சொன்ன விட்டத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 1.2 மீற்றருக்கு நிமிடத்துக்கு 38 அல்லது 39 சுற்று வரும். அதில் நூற்றுக்கு அறுபது முதல் எழுபது வரை வைத்தால் சாக்கு உச்சிக்குக் கிட்டப் போய்த் தொப்பென்று விழும். ஆகவே 24 சுற்று. 1440 சுற்று மோட்டர், 30க்கு 1 கியர் பெட்டி, அதற்குப் பிறகு 19 பல்லும் 38 பல்லுமாகச் செயின் சில்லுகள் போட்டால் சரியாக 24 வரும். மோட்டருக்கும் கியர் பெட்டிக்கும் இடையில் ஒரு வீ பெல்ற் இருக்கட்டும். சாக்கு எங்காவது சிக்கினால் பெல்ற் வழுக்கும், கியர்ப் பல் உடையாமல் தப்பும். இவ்வளவுக்கும் ஒரு குதிரைவலு மோட்டர் போதும். இருபது கிலோ சாக்கைத் தூக்கிப் போடுவதற்கு அதிலும் குறைவாகத்தான் தேவை, மிச்சம் தொடக்க இழுவைக்கு.

உருளையின் உடம்பை 10 மி.மீ. கம்பியாலும் செய்யலாம், துளைத் தகட்டாலும் செய்யலாம். கம்பி மலிவு, எந்த ஒட்டுப் பட்டறையிலும் முடியும். கம்பிகளுக்கு இடையில் 20 மி.மீ. விட்டால் போதும், கூட விட்டால் சாக்கின் மூலைக்காது வெளியே நீட்டிக் கூட்டில் உரசிக் கிழியும். துளைத் தகடு நிறையில் பாதி, உள்பக்கம் வழுவழுப்பு. 2 மி.மீ. தகட்டில் 12 மி.மீ. துளை நல்லது. முடிந்தவர்கள் தகட்டுக்கே போகலாம். உள்ளே நீளவாக்கில் நாலு தூக்கிப் பட்டை வேண்டும், உயரம் 150 மி.மீ., விளிம்பில் அரை அங்குலப் பைப்பை ஒட்டி உருட்டாக்க வேண்டும். ஒட்டு வேலை முடிந்ததும் பழைய பருத்திச் சீலைத் துண்டொன்றை உள்பக்கம் முழுக்கத் தேய்த்துப் பாருங்கள். சீலை எங்கே இழுபடுகிறதோ அங்கே சாக்கும் கிழியும். அந்த இடத்தை அரத்தால் தேய்த்துவிட்டு மறுபடி சீலையை ஓட்டுங்கள்.

நடுவால் ஒரு நீள அச்சு போடவே போடாதீர்கள். சாக்கு வாய் தைத்த நூலும் சணல் பிசிறும் அதில் சுற்றி, ஒரு கிழமைக்குள் கயிற்றுருண்டையாகிவிடும். இரண்டு முனைத் தட்டுகளிலும் குட்டை அச்சு ஒவ்வொன்று, 40 மி.மீ. துளைப் பெயரிங், அவ்வளவு போதும். பெயரிங்கைக் கூட்டின் சுவரோடு ஒட்டிப் பூட்டாமல் ஒரு சாண் வெளியே தள்ளி வைத்தால், அச்சோரமாகக் கசியும் மண் பெயரிங்குக்குள் போகாமல் கீழே விழும்.

உருளையைச் சுற்றித் தகரக் கூடு. உருளைக்கும் கூட்டுக்கும் இடையில் 75 முதல் 100 மி.மீ. இடைவெளி. அடியில் மண் சேரும் கூம்புத் தொட்டி, அதன் சரிவு 60 பாகைக்குக் குறைந்தால் செம்மண் வழுக்காமல் ஒட்டி நிற்கும். காற்று உள்ளே வரும் வாயை முன்பக்கம் தாழ்வாக, 1.5 மீற்றர் நீளம் 150 மி.மீ. உயரமாக வெட்டுங்கள். உறிஞ்சு வாய் பின்பக்கம் மேலே இருக்கட்டும். அப்போதுதான் காற்று உருளையைக் குறுக்கே கடந்து போகும், கட்டி மண் தன் பாட்டில் தொட்டிக்குள் விழும். உறிஞ்சு வாயை அடியில் வைத்தால் கல்லும் கட்டியுமாகக் குழாய்க்குள் ஏறும்.

குழாய் 200 மி.மீ. விட்டம். தூசு குழாயின் அடியில் படியாமல் ஓட நொடிக்கு 18 மீற்றர் வேகம் வேண்டும், அது மணிக்கு ஏறத்தாழ 2000 கன மீற்றர் காற்று. இதை, குழாயும் வடிகட்டியும் சேர்ந்து தரும் 250 மி.மீ. நீர்மட்ட அளவு அழுத்தத்துக்கு எதிராக இழுக்க நாலு குதிரைவலுக் காற்றாடி தேவை. உருளையைப் போல நாலு மடங்கு! பலரும் இந்த இடத்தில்தான் காசு மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். சுவரில் பூட்டும் இறக்கைக் காற்றாடி இந்த அழுத்தத்துக்கு எதிராக இழுக்காது, மையவிலக்குக் காற்றாடிதான் வேண்டும். பி.வீ.சீ. குழாய் மலிவென்று போடாதீர்கள். தூசு உரசிப் போகையில் அதில் மின்னேற்றம் சேரும், அதை நிலத்துக்கு இறக்க வழியில்லை. தகரக் குழாயே சரி.

குழாய் முதலில் சைக்கிளோனுக்குப் போகும், அதாவது காற்றைச் சுழற்றித் தூசைப் பிரித்து அடியில் விழுத்தும் கூம்புக் கலத்துக்கு. இந்தக் காற்றுக்கு 600 மி.மீ. விட்டம், 2.4 மீற்றர் மொத்த உயரம், நுழைவாய் 300க்கு 120 மி.மீ. அடி வாய் காற்றுப் புகாமல் மூடியிருக்க வேண்டும். அங்கே ஒரு விரல் அகல ஓட்டை இருந்தாலும் கீழிருந்து ஏறும் காற்று சேர்ந்த தூசைத் திரும்பத் தூக்கிவிடும். சைக்கிளோன் பருமனானதைப் பிடிக்கும். நெஞ்சுக்குள் போகும் நுண்தூசு அதற்குத் தப்பிவிடும், அதைப் பிடிக்கத் துணிப்பை வடிகட்டி வேண்டும். 200 மி.மீ. விட்டமும் 2.5 மீற்றர் நீளமும் உள்ள பைகள் பதினெட்டு, மொத்தம் 28 சதுர மீற்றர் துணி. காற்றாடியை வடிகட்டிக்குப் பிறகு வைத்தால் அதன் இறக்கை மண்ணில் தேயாது.

புதுத் துணி முதல் சில தடவை கொஞ்சம் தூசை விடும். துணியில் மெல்லிய தூசுப் படை கட்டினால்தான் அது நன்றாகப் பிடிக்கும், ஆகவே அதைக் கழுவிவிடாதீர்கள். மேசன்மார் மட்டம் பார்க்கும் ட்யூப்பையே யூ வடிவில் வளைத்து, நிறம் கலந்த தண்ணீர் விட்டு, வடிகட்டியின் இரண்டு பக்கமும் செருகினால் அழுத்தமானி ஆயிற்று. தண்ணீர் மட்ட வித்தியாசம் 50 மி.மீ. அளவில் நின்றால் நல்லது. 120ஐத் தொட்டால் காற்றாடியை நிறுத்தி, பைகளை உலுப்ப வேண்டும். காற்றாடி ஓட ஓட உலுப்பினால் ஒன்றும் விழாது, உறிஞ்சும் காற்று தூசைத் துணியோடேயே அழுத்தி வைத்திருக்கும்.

சாக்கு உருளைக்குள் போவதற்கு முந்திய வேலைகளைத் தவிர்க்கவே முடியாது. முதலில் வெயில். சணல் காற்றின் ஈரத்தை நன்றாகக் குடிக்கும், வாடைக்காற்றும் மழையுமான மாதங்களில் கையில் பிடித்தாலே குளிரும். ஈரச் சாக்கில் மண் பசையாக ஒட்டியிருக்கும், எவ்வளவு சுழற்றினாலும் போகாது, போகும் கொஞ்சமும் வடிகட்டித் துணியில் சேறாக அப்பும். மூன்று நாலு மணி நேரம் நல்ல வெயிலில் விரித்துவிட்டுப் போடுங்கள். எலி மூத்திரம் பட்ட சாக்குக்கும் இதுவே நல்லது, எலிக்காய்ச்சல் கிருமி உலர்ந்த இடத்தில் நிலைக்காது. நனைந்த சாக்குக் குவியலைக் காயமுள்ள கையால், உறையில்லாமல் கிளறாதீர்கள்.

அடுத்தது உள்வெளி திருப்புதல். மண்ணில் பெரும்பகுதி சாக்கின் உள்ளே அடி மூலைகளில் இருக்கும், உருளை எவ்வளவு தூக்கிப் போட்டாலும் மூடிய மூலை திறக்காது. ஒவ்வொரு சாக்கையும் உள்பக்கம் வெளியே வரத் திருப்பித்தான் போட வேண்டும். இந்த வேலையில்தான் ஆள் கூடத் தூசு தின்பார், அதனால் காற்று உள்ளே இழுபடும் வாயின் முன்னால் வைத்தே திருப்புங்கள், என்95 முகமூடியும் போடுங்கள். தைத்த நூலை உருவி எடுங்கள், ஆணி, கம்பித் துண்டு இருந்தால் எடுங்கள்.

எல்லாச் சாக்கும் உருளைக்கு உரியதல்ல. புண்ணாக்குச் சாக்கில் எண்ணெய் ஊறியிருக்கும், தூசு விடாது. கருவாட்டுச் சாக்கும் உப்புச் சாக்கும் உருளையைத் துருப்பிடிக்க வைக்கும். சீமெந்துப் பை வேண்டவே வேண்டாம், அதன் தூசு ஈரக் காற்றில் வடிகட்டித் துணியிலேயே இறுகிக் கல்லாகும். வெங்காய வலைப்பை பின்னிக்கொள்ளும். உரம், பூச்சிமருந்து பட்ட பைகளைத் தனியே ஒதுக்குங்கள். அவை எவ்வளவு துப்புரவானாலும் நெல்லுக்கோ மாவுக்கோ திரும்பக் கூடாது, உணவுச் சாக்கு ஓடும் உருளைக்குள் அவற்றைப் போடவும் கூடாது. மாச் சாக்கின் தூசு இன்னொரு வகை ஆபத்து. காற்றில் அடர்த்தியாகக் கலந்தால் ஒரு தீப்பொறி பட்டாலே வெடிக்கும். உறிஞ்சுதல் பலமாக இருந்தால் அந்த அடர்த்தி சேராது, காற்றாடி நிற்கும்போது உருளை ஓடினால் சேரும். ஆகவே காற்றாடி ஓடாமல் உருளை தொடங்கவே முடியாதபடி மின் இணைப்பைக் கட்டச் சொல்லுங்கள். உரப்பை போன்ற பிளாஸ்ரிக் சாக்குகள் உரசி மின்னேறும். பெயரிங்கின் கிறீஸ் ஊடாக மின் இறங்கும் என்று நம்பாமல், அச்சில் ஒரு காபன் பிறஷ் வைத்து நிலத்தில் அடித்த எர்த் கம்பிக்கு இணைக்க வேண்டும். குழாயில் ரப்பர் இணைப்பு உள்ள இடமெல்லாம் செப்புக் கம்பியால் பாலம் போட வேண்டும்.

ஓட்டும் முறை: காற்றாடியை முதலில் போட்டு ஒரு நிமிடம் விடுங்கள். சணல் சாக்கு இருபது, தனி உருளையில் ஓட்டும் உரப்பை என்றால் ஐம்பது. ஒரு பக்கமாக ஒரு நிமிடம், முழுக்க நிறுத்திப் பத்து நொடி, பிறகு எதிர்ப்பக்கம் ஒரு நிமிடம். ஒரே பக்கமாக ஐந்து நிமிடம் விட்டால் சாக்குகள் முறுகிக் கயிறாகும், நடுச் சாக்குக்குக் காற்றே படாது. மொத்தம் நாலைந்து நிமிடம். போதுமா என்று அறியப் பத்துச் சாக்கைச் சேர்த்து நிறுங்கள். இரண்டு நிமிடம் ஓட்டித் திரும்ப நிறுங்கள், இன்னும் இரண்டு நிமிடம் ஓட்டி மறுபடி நிறுங்கள். நிறை குறைவது நிற்கும் இடமே அந்த வகைச் சாக்குக்கு உரிய நேரம். உருளை நின்ற பிறகும் காற்றாடி ஒரு நிமிடம் ஓடட்டும். பிறகு கதவைத் திறக்கலாம், கதவு திறந்தால் மோட்டர் நிற்கும் சுவிட்சும் அவசியம். நின்ற உருளைக்குள் சாக்கு ஒரு பக்கமாகக் கிடந்தால் அது தானே ஆடி உருளும், கையை விட முன் ஒரு முட்டுக்கம்பி செருகுங்கள். சால்வை, சீலைத் தலைப்பு, அவிழ்ந்த பின்னல் எதுவும் செயினுக்குக் கிட்டே வரக்கூடாது.

கதவோரத்தில் தூசு கசிந்தால் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் காற்று வாயில் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். இழுபடாவிட்டால் முதலில் அழுத்தமானியைப் பாருங்கள், அது சரியென்றால் காற்றாடியின் சுழல்திசையைப் பாருங்கள். மூன்று பேஸில் இரண்டு கம்பி மாறினால் மையவிலக்குக் காற்றாடி பின்பக்கமாகச் சுழன்றும் கொஞ்சம் இழுக்கும், அதனால் பிழை கண்ணில் படாமலே மாதக்கணக்கில் ஓடும். கரண்ட் வேலை செய்துவிட்டுப் போன ஒவ்வொரு தடவையும் இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

தொட்டியிலும் சைக்கிளோனிலும் சேரும் மண்ணை எருவென்று நினைத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். வெங்காயச் சாக்கின் மண்ணில் அழுகல் நோய்ப் பூஞ்சணமும் பார்த்தீனியம் விதையும் இருக்கும். மலைநாட்டுக் கிழங்குச் சாக்கில் வந்த மண் இங்கத்தைய தோட்டத்துக்கு எந்தப் புழுவைக் கொண்டுவரும் என்று சொல்ல முடியாது. கிணற்றடியிலும் கொட்ட வேண்டாம். எங்கள் நிலத்துக்கு அடியில் சுண்ணக்கல், மேலே விழும் உரமும் மருந்தும் வடிகட்டப்படாமல் நேரே கிணற்றுக்கு இறங்கும். உணவுச் சாக்கின் மண்ணைக் கொங்கிறீற்றுத் தரையில் மூடிய தகரப் பீப்பாவில் சேர்த்து, தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் எட்டத்தில் ஒரு முழத்துக்கு மேல் ஆழமாக வெட்டிப் புதைக்கலாம். உரப்பையின் தூசை அந்தக் குழியில் போடாமல் வேறு பீப்பாவில் பெயர் எழுதி வையுங்கள்.