டூட்டி ஜீரோ, ஆனா லாரி நிக்குது

இங்கிலாந்தோட தென்கிழக்கு மூலையில, டோவர் போர்ட் இருக்குற கென்ட்ல கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் வேலை பாக்குறேன்னு சொன்னாலே ஊர்ல இருக்குற ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேக்குறாங்க. "அதான் பிரெக்ஸிட்னு பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேறுனதுக்கப்புறம், 2020 டிசம்பர்லயே ஒப்பந்தம் போட்டுட்டாங்களே, ஐரோப்பாவுக்கும் பிரிட்டனுக்கும் நடுவுல டூட்டி கிடையாதுன்னு சொன்னாங்களே, அப்புறம் உங்களுக்கு என்னய்யா அவ்ளோ வேலை?" நியாயமான கேள்விதான், இங்க இருக்குற வியாபாரிங்களே பாதிப் பேர் 2021 ஜனவரி முதல் வாரம் வரைக்கும் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தாங்க.

டூட்டி ஜீரோ, உண்மை. ஆனா எந்தச் சரக்குக்கு? கஸ்டம்ஸ் யூனியனுக்குள்ள, அதாவது வெளியில இருந்து வர்ற சரக்குக்கு எல்லா நாட்டுலயும் ஒரே டூட்டிங்கற கூட்டுக்குள்ள, பிரிட்டன் இருந்தவரைக்கும் சரக்கு எங்க செஞ்சதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க, வெளியில இருந்து ஒரு தடவை உள்ள வந்து டூட்டி கட்டிட்டா அது பாட்டுக்கு லிஸ்பன் வரைக்கும் போகும். வெறும் வர்த்தக ஒப்பந்தம்னு வரும்போது, பிரிட்டன்ல இருந்து போற சரக்கு பிரிட்டன்ல செஞ்சது, ஐரோப்பிய யூனியன்ல இருந்து வர்ற சரக்கு அங்க செஞ்சதுன்னு நீங்க நிரூபிச்சாத்தான் ஜீரோ. திருப்பூர்ல இருந்து ஃபீலிக்ஸ்டோ போர்ட்டுக்கு ஒரு கன்டெய்னர் டி-ஷர்ட் வருதுன்னு வைங்க, இங்க கஸ்டம்ஸ் முடிச்சு குடோன்ல இறக்கியாச்சு, அதுல பத்து பெட்டியை ஐரோப்பிய யூனியன்ல இருக்குற அயர்லாந்து கடைக்கு அனுப்பணும்னா அங்க தனியா டூட்டி, ஏன்னா அது பிரிட்டன் சட்டை இல்ல, இந்தியச் சட்டை. இதைச் சமாளிக்க ஸ்கீம் எல்லாம் இருக்கு, டூட்டி கட்டாமலே சரக்கை வைக்கிற பாண்டட் குடோன், டூட்டி கட்டாம ஊரைக் கடந்து போற ட்ரான்சிட் அப்படி இப்படின்னு, ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு அப்ரூவல், ஒரு கேரண்டி, ஒரு ஆள் சம்பளம். அதனாலதான் இங்க நெறைய கடைக்காரங்க நெதர்லாந்துல தனியா ஒரு குடோன் எடுத்தாங்க, ஆர்டரையே ரெண்டா பிரிச்சு ஒண்ணு ஃபீலிக்ஸ்டோவுக்கு, இன்னொண்ணு ராட்டர்டாமுக்கு.

இதுல காமெடியான கேஸ் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடையோட பெர்சி பிக் மிட்டாய். அதைச் செய்றது ஜெர்மனியில. அங்க இருந்து பிரிட்டனுக்கு ஜீரோ டூட்டியில வருது, ஆனா இங்க குடோன்ல இறங்கிட்டு அப்படியே டப்ளின் கடைக்குப் போனா டூட்டி விழலாம். ஐரோப்பாவுல செஞ்ச மிட்டாய், ஐரோப்பாவுக்குள்ள திரும்பிப் போறதுக்கு வரி! கம்பெனி தலைவரே 2021 ஜனவரியில இதை எடுத்துச் சொன்னப்பதான் பல பேருக்கு, சரக்கு எங்க செஞ்சதுங்கற இந்த ஆரிஜின் மேட்டர் மண்டையில ஏறுச்சு.

சரி, டூட்டி கதை இத்தோட போதும், நெஜமான தலைவலி பேப்பர்லதான். டோவர் போர்ட் பாத்தவங்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் வெள்ளை மலைப்பாறை, இன்னொரு பக்கம் கடல், நடுவுல ஒரு துண்டு இடம். பிஸியான நாள்ல அதுல 10,000 லாரி வரைக்கும் போய் வரும். கன்டெய்னர் போர்ட்னா பெட்டியை இறக்கி யார்டுல அடுக்கி வச்சுட்டு மெதுவா கிளியர் பண்ணலாம், சென்னை ஹார்பர்ல பண்ற மாதிரிதான். டோவர்ல லாரி டிரைவரோட ஃபெர்ரியில ஏறி பிரான்ஸ்ல கலேல டிரைவரோட இறங்குது, 90 நிமிஷப் பயணம், யார்டுன்னு சொல்ற மாதிரி ஒண்ணும் கிடையாது. 1993-ல ஐரோப்பா முழுக்க ஒரே சந்தைன்னு சிங்கிள் மார்க்கெட் வந்ததுல இருந்து 2020 முடியற வரைக்கும் ஐரோப்பா லாரிங்களுக்கு அங்க கஸ்டம்ஸ் செக்கே கிடையாது, அதை நம்பித்தான் கார் ஃபேக்டரி, சூப்பர் மார்க்கெட் எல்லாம் ஸ்டாக் வைக்காம பொழப்பு ஓட்டுனாங்க. 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்தப்ப வாளையார் செக்போஸ்ட்ல லாரி க்யூ காணாமப் போச்சு இல்லையா, அதை அப்படியே ரிவர்ஸ்ல ஓட்டிப் பாருங்க, இங்க நடந்தது புரிஞ்சிடும்.

க்யூ வரும்னு கவர்மென்ட்டுக்கும் பயம் இருந்துச்சு. 2019 ஆரம்பத்துல மேன்ஸ்டன்ங்கற பழைய ஏர்போர்ட்ல லாரியை நிறுத்தி ஒத்திகை பாத்தாங்க, வந்தது 89 லாரி. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி ராம்ஸ்கேட்ல இருந்து ஃபெர்ரி ஓட்டணும்னு ஒரு கம்பெனிக்கு 1.38 கோடி பவுண்ட் காண்ட்ராக்ட் குடுத்தாங்க, அந்தக் கம்பெனிகிட்ட ஒரு கப்பல் கூட இல்ல, பிப்ரவரியில கேன்சல். 2021-ல கென்ட்டுக்குள்ள பெரிய லாரி நுழையவே பெர்மிட், இல்லன்னா 300 பவுண்ட் ஃபைன், அதையும் ஏப்ரல்ல தூக்கிட்டாங்க. இதெல்லாம் யோசிச்சவங்க யாரும் ஒரு நாள் கூட சரக்கு அனுப்பி வைக்கிற ஃபார்வர்டிங் ஆபீஸ்ல உக்காந்திருக்க மாட்டாங்கன்னு நெனைக்கிறேன்.

ஏன்னா பிரச்சனை ரோட்டுல ஆரம்பிக்கல, சரக்கை அடுக்கி ஏத்துற பலகை இருக்கே, அந்தப் பேலட்ல ஆரம்பிச்சுது. ஒரே லாரியில ஒரே கம்பெனி சரக்கு ஃபுல் லோடா போனா பெரிசா கஷ்டமில்ல, ஒரு இன்வாய்ஸ், ஒரு டிக்ளரேஷன், பட்டுன்னு முடிஞ்சிடும். குரூப்பேஜ்னு ஒண்ணு இருக்கு, இருபது சின்ன வியாபாரிங்களோட பேலட்டை ஒரே லாரியில ஏத்துறது. இருபது பேருக்கும் ஈஓஆர்ஐங்கற கஸ்டம்ஸ் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் வேணும், ஒவ்வொரு ஐட்டத்துக்கும் அது என்ன வகைன்னு சொல்ற கமாடிட்டி கோட், நெட் வெயிட், ஆரிஜின் ஸ்டேட்மென்ட், டெலிவரி டெர்ம்ஸ். அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரங்க லாரி நம்பர் பிளேட்டோட எல்லா டிக்ளரேஷனையும் கோத்து வச்சிருப்பாங்க, ஃபெர்ரி நடுக்கடல்ல போயிட்டு இருக்கும்போதே பச்சையா ஆரஞ்சான்னு ஸ்க்ரீன்ல வந்துடும், பச்சைன்னா நேரா போகலாம், ஆரஞ்சுன்னா நின்னு செக். இருபதுல ஒண்ணு ஆரஞ்சு ஆனாலும் மொத்த லாரியும் ஆரஞ்சுதான்.

எங்ககிட்ட வந்த ஒரு கேஸ் சொல்றேன். லாரியில மெஷின் பார்ட்ஸ், பெயின்ட், புக்ஸ், எல்லாம் கிளீன். கடைசியா ஏறுன ஒரே ஒரு பேலட் கிஃப்ட் பாக்ஸ், அனுப்புன கம்பெனி இன்வாய்ஸ்ல "ஃபுட் கிஃப்ட்ஸ்"னு ரெண்டே வார்த்தை எழுதியிருக்கு. உள்ள என்னன்னு ஃபோன் போட்டுக் கேட்டா, பிஸ்கட், சட்னி பாட்டில், கூட சின்னதா ஒரு சீஸ். சீஸ்னா பால் பொருள், வெட்னரி டாக்டர் கையெழுத்து போட்ட ஹெல்த் சர்டிபிகேட் வேணும். அந்த கிஃப்ட் பாக்ஸ் கம்பெனி அம்மா கேக்குறாங்க, "போன வருஷம் இதே பாக்ஸைத்தானே அனுப்புனேன்?" என்னத்தைச் சொல்ல. பேலட்டை இறக்கணும்னா லாரியில பாதிய இறக்கணும், அதுக்குள்ள டிரைவர் சட்டப்படி வேலை பாக்கக்கூடிய டைம் முடிஞ்சு போச்சு, பெயின்ட்காரன் ஒரு பக்கம் கத்துறான், புக்ஸ்காரன் ஒரு பக்கம் கத்துறான். அந்த பாக்ஸ் கம்பெனி அதுக்கப்புறம் ஐரோப்பா ஆர்டரே எடுக்கல, வெப்சைட்ல அந்த ஆப்ஷனையே தூக்கிட்டாங்க.

இதோட மரப் பேலட்டுக்கும் ரூல் இருக்கு. ஹீட் ட்ரீட்மென்ட் பண்ண மரம்னு கதிர் படம் போட்ட முத்திரை அடிச்சிருக்கணும், முன்னாடி ஐரோப்பாவுக்கு எந்தப் பேலட்லயும் ஏத்தி விடலாம், இப்ப குடோன்ல ஒரு ஆள் குனிஞ்சு குனிஞ்சு முத்திரை தேடிட்டு இருப்பாரு.

இதுல முதல்ல அடி வாங்குனது ஸ்காட்லாந்து மீன்காரங்க. உயிரோட இருக்குற இறால், நண்டு எல்லாம் முன்னாடி ராத்திரி ஏறுனா மறுநாள் பிரான்ஸ் மார்க்கெட்ல இருக்கும். 2021 ஜனவரியில ஸ்காட்லாந்துல லார்க்ஹால்ங்கற ஊர் ஹப்ல சர்டிபிகேட்டுக்காகக் காத்துக் காத்து, டிஎஃப்டிஎஸ்ங்கற போக்குவரத்துக் கம்பெனி மீன் குரூப்பேஜையே கொஞ்ச நாள் நிறுத்திடுச்சு, மீன் லாரிங்க லண்டன்ல பிரதமர் இருக்குற டவுனிங் ஸ்ட்ரீட் பக்கம் வந்து போராட்டமே பண்ணுச்சு. அந்த ஒரு மாசத்துல பிரிட்டன்ல இருந்து ஐரோப்பிய யூனியனுக்குப் போற மொத்தச் சரக்கு ஏற்றுமதி டிசம்பரை விட 40.7 சதவீதம் விழுந்துச்சு, அதுல கோவிட் பாதி, முன்னாடியே ஸ்டாக் அடிச்சு வச்சது பாதின்னு சொன்னாங்க, சரி, ஆனா ஐரோப்பா டிரைவருங்க இங்க லோடுக்குக் காத்திருக்குறதை விட காலி லாரியா திரும்பிப் போறதே மேல்னு போனதையும் அப்பதான் பாத்தோம். அதனால எல்லாரும் பயந்த மாதிரி டோவர்ல மாசக்கணக்குல க்யூ நிக்கல, சரக்கு அனுப்புறவன் வீட்டுலயே உக்காந்துட்டா க்யூ எப்படி வரும்?

அயர்லாந்துக்காரங்கதான் இதுல புத்திசாலி. முன்னாடி டப்ளின் லாரி வேல்ஸ்ல இருக்குற ஹோலிஹெட் போர்ட்ல இறங்கி பிரிட்டனைக் குறுக்க கடந்து டோவர் வழியா பிரான்ஸ் போகும். இப்ப அயர்லாந்துல ராஸ்லேர் போர்ட்ல இருந்து நேரா பிரான்ஸ்ல டன்கர்க்குக்குக் கப்பல், 2021 ஜனவரி 2-ஆம் தேதியே ஓட ஆரம்பிச்சாச்சு, ஏறத்தாழ ஒரு நாள் பயணம், ஆனா டிரைவர் தூங்கிட்டே போகலாம், கஸ்டம்ஸ் இல்ல. வேல்ஸ் போர்ட்ல போன டிராஃபிக் அப்படியே பழைய அளவுக்குத் திரும்பும்னு எனக்கு நம்பிக்கை இல்ல.

இன்னொரு பக்கம், பிரிட்டன் தன்னோட செக்கிங்கை தள்ளிப் போட்டுட்டே இருந்துச்சு. அதாவது இங்க இருந்து போற சீஸுக்கு அத்தனை பேப்பர், அங்க இருந்து வர்ற சீஸ் சும்மா வரும். போர்ட்ஸ்மவுத் போர்ட்ல ரூலை நம்பி ஏறத்தாழ 2.5 கோடி பவுண்ட் செலவு பண்ணி செக்கிங் ஹால் கட்டுனாங்க, கட்டி முடிச்சப்புறம் ரூல் மாறிப் போச்சு, பாதி இடம் சும்மா கெடந்துச்சு. கடைசியா 2024 ஏப்ரல் 30-ல இறக்குமதி செக்கிங் ஆரம்பிச்சாங்க, டோவர் வழியா வர்ற சாப்பாட்டுப் பொருளை செக் பண்ணணும்னு சொன்னா ஆஷ்ஃபோர்ட் பக்கம் செவிங்டன் வரைக்கும் போய் நிக்கணும், லைனுக்கு, அதாவது ஒரு சரக்கு வகைக்கு, 29 பவுண்ட் வரைக்கும் ஃபீஸ், ஒரு கன்சைன்மென்ட்டுக்கு அதிகபட்சம் 145. லாரியை செக் பண்ணாலும் பண்ணாட்டியும் கட்டணும், சீஸ் விக்கிற சின்னக் கடைக்காரன் இத்தாலியில இருந்து அஞ்சு வகை சீஸ் எடுத்தா அவன் லாபம் அங்கயே போச்சு.

2025 மே மாசம் ரெண்டு பக்கமும் உக்காந்து உணவு, கால்நடை, செடி சம்பந்தமா ஒரு ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கிட்டாங்க, அது முழுசா அமலுக்கு வந்தா ஹெல்த் சர்டிபிகேட், இந்த 145 பவுண்ட் கதை பெரும்பாலும் போயிடும். ஃப்ரெண்ட்ஸ் உடனே "அப்போ உன் வேலை போச்சா?"ன்னு கேக்குறாங்க. இல்லங்க, அது கஸ்டம்ஸ் யூனியன் இல்ல. சீஸுக்கு டாக்டர் கையெழுத்து வேணாம், ஆனா டிக்ளரேஷன் வேணும், கமாடிட்டி கோட் வேணும், ஆரிஜின் வேணும், திருப்பூர் டி-ஷர்ட் டப்ளின் போனா டூட்டி அப்பவும் உண்டு.