ஒரு சின்னப் பள்ளிக்கு அங்கீகாரம் புதுப்பித்த அனுபவம்

தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் இருக்கும் நர்சரி பிரைமரி பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருக்கிறேன். எல்.கே.ஜி. முதல் ஐந்தாம் வகுப்பு வரை, வகுப்புக்கு ஒரே பிரிவு. தாளாளர் ஐயாவுக்கு வயதாகிவிட்டதால் 2025-ல் அங்கீகாரம் புதுப்பிக்கும் வேலை முழுவதும் என் கைக்கு வந்தது. இதே வேலையில் இறங்கப்போகும் சின்னப் பள்ளிக்காரர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். ‘அங்கீகாரம் இருக்கிறதா’ என்று மட்டும் விசாரித்துவிட்டுப் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோரும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அந்த ஒரு தாளுக்குள் என்னவெல்லாம் பார்க்கிறார்கள், எதைப் பார்ப்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் கல்வி உரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதன் பிறகும் நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 வரை. தமிழ்நாட்டில் இப்போது நடப்பில் இருப்பது 2018-ல் இயற்றிய தனியார் பள்ளிகள் முறைப்படுத்தும் சட்டமும் அதற்காக 2023-ல் வந்த விதிகளும்தான். விண்ணப்பத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும். அது பெரிய வேலையே இல்லை. அதோடு சேர்க்க வேண்டிய நான்கு சான்றுகள்தான் வேலை: கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் தரும் கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று. நான்கும் நான்கு இடத்தில் வாங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காலாவதித் தேதி. கடைசிச் சான்று கைக்கு வருவதற்குள் முதலில் வாங்கியது காலாவதியாகிவிடுகிறது என்பதுதான் பக்கத்து ஊர்ப் பள்ளிகள் எல்லாம் சொல்லும் புலம்பல். அதனால் யாரிடம் முதலில் போவது, யாரிடம் கடைசியில் போவது என்பதை முடிவு செய்துகொண்டுதான் தொடங்க வேண்டும்.

நான் பொறியாளரிடமிருந்து தொடங்கினேன். உறுதிச் சான்று இல்லாமல் தாலுகா அலுவலகத்தில் கோப்பே நகராது. வந்த பொறியாளர் வகுப்பறைகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேராகக் கழிப்பறைப் பக்கம் போனார். வெளிச்சுவரைச் சுத்தியல் கட்டையால் அடி அடியாகத் தட்டிப் பார்த்தார். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்ததிலிருந்து அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்றார். வகுப்பறைக்குச் செய்யும் பராமரிப்பைக் கழிப்பறைச் சுவருக்கு யாரும் செய்வதில்லை, அடித்தளமும் அங்கேதான் ஒப்புக்குப் போட்டிருப்பார்கள் என்பது அவர் அனுபவம். எங்கள் சுவர் தப்பித்தது. சன்ஷேடு ஒன்றில் மட்டும் கம்பி தெரிந்தது. பூசிவிட்டுப் படம் அனுப்பச் சொன்னார், அனுப்பினோம், சான்று வந்தது.

தீயணைப்புச் சான்றைப் பற்றி எங்கள் மாவட்டத்தில் யாரும் சலித்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் போனார்கள். சமையல் கூடத்தில் பிடித்த தீ கூரைக்குத் தாவியது. மாடி வகுப்புக்குக் கீற்றுக் கூரை. இறங்க வழி குறுகலான படிக்கட்டு. ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்தச் சமயத்தில் பள்ளிக்கூடக் கூரைகளையெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகப் பிரித்த கதையை மூத்த ஆசிரியைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ‘சும்மா நாலு சிவப்பு வாளிக்காக இவ்வளவு அலைச்சலா’ என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

எங்களுக்கு வந்த அலுவலர் வேலையை வேலையாகப் பார்த்தவர். தீயணைப்புக் கருவியின் முள் பச்சையில் இருக்கிறதா, மறுநிரப்பல் தேதி என்ன, மெயின் போர்டுக்குப் பக்கத்தில் இருப்பது மின்சாரத் தீக்கு உரியதுதானா என்று பார்த்தார். அப்புறம் எங்கள் ஆயாவைக் கூப்பிட்டார்.

“ஆயாம்மா, இதைக் கழட்டி எடுங்க பார்ப்போம்.”

ஆயாவுக்குக் கை எட்டவில்லை. எட்டினாலும் அந்தக் கனத்தைத் தலைக்கு மேலிருந்து இறக்குவது அவரால் முடியாத காரியம். மார்பு உயரத்துக்கு இறக்கி மாட்டச் சொன்னார். பின்னை இழுப்பது, குழாயைத் தீயின் அடியை நோக்கிப் பிடிப்பது, கைப்பிடியை அழுத்துவது என்று மூன்றையும் ஆயாவையே செய்ய வைத்தார். “டீச்சர், தீ பிடிக்கிறப்ப நீங்க வகுப்புல இருப்பீங்க. சின்னப் பிள்ளைங்க பக்கத்துல இவங்கதான் இருப்பாங்க” என்றார். யு.கே.ஜி. வகுப்பின் கதவு உள்பக்கமாகத் திறக்கும்படி இருந்தது. பயந்து ஓடிவரும் பிள்ளைகள் கதவை அழுத்திக்கொண்டு நின்றால் யாராலும் திறக்க முடியாது. கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி செய்தால்தான் சான்று என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆசாரியை வரவைத்து மாற்றினோம்.

சுகாதாரச் சான்றுக்குக் குடிநீர் பரிசோதனை அறிக்கை வேண்டும். தண்ணீர் மாதிரியைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து வாங்கலாம். மேல்நிலைத் தொட்டியில் கழுவிய தேதியை எழுதி வைக்க வேண்டும். ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை. இதெல்லாம் வழக்கமானவை. இந்த முறை சுகாதார ஆய்வாளர் வந்ததும் முதலில் கேட்டது செப்டிக் டேங்க் எங்கே என்றுதான். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. குழந்தை கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தது எல்லோர் மனதிலும் இருந்த நேரம். மூடியின் மேல் அவரே ஏறி நின்று பார்த்தார். சுற்றிக் கம்பி வேலி போட்டு, குழந்தைகள் அந்தப் பக்கமே போகாதபடி செய்யச் சொன்னார். எங்கோ ஒரு குழந்தை இறந்த பிறகுதான் படிவத்தில் ஒரு வரி கூடுகிறது. அந்த வேதனை இந்தச் சான்றுகளைக் கையில் அடுக்கும்போதெல்லாம் எனக்கு இருந்தது.

தாலுகா அலுவலகத்தில்தான் தாமதம். கிராம நிர்வாக அலுவலர் பார்த்து எழுத வேண்டும், வருவாய் ஆய்வாளர் பார்க்க வேண்டும், அப்புறம் தாசில்தார். இடையில் ஒருவர் மாறுதலாகிப் போனார்; புதியவர் வந்து கோப்பை முதலிலிருந்து படித்தார். வாசலில் ஜெராக்ஸ் கடைப் பக்கம் நிற்கும் ஒருவர், ‘நாலு சான்றையும் நானே முடித்துத் தருகிறேன், நீங்கள் பள்ளியைப் பாருங்கள்’ என்றார். தாளாளர் ஐயாவிடம் சொன்னேன். “சுவரைத் தட்டிப் பார்க்காம ஒரு காகிதம் வந்தா அதை வச்சு நான் எப்படித் தூங்குறது?” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எழுத்து மூலம் மனு கொடுத்து, ஒப்புகை வாங்கி, அந்த ஒப்புகையைக் காட்டித்தான் ஒவ்வொரு முறையும் கேட்டேன். வாய்மொழியாகக் கேட்டால் ‘அடுத்த வாரம் வாங்க’ என்ற பதில்தான் வரும். ஒப்புகை எண்ணைச் சொல்லிக் கேட்டால் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்றாவது சொல்கிறார்கள்.

கட்டணம் வேறு கதை. 2009 சட்டப்படி தனியார் பள்ளிகளுக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழுதான் கட்டணம் நிர்ணயிக்கிறது. ஆசிரியர் சம்பளம், மின்கட்டணம், பராமரிப்பு எல்லாவற்றுக்கும் தணிக்கை செய்த கணக்கு கொடுக்க வேண்டும். எங்களைப் போன்ற பள்ளிக்குச் சம்பளம் குறைவு, அதனால் கணக்கில் செலவு குறைவு, அதனால் நிர்ணயிக்கும் கட்டணமும் குறைவு. கட்டணம் குறைவாக இருப்பதால் சம்பளத்தைக் கூட்ட முடிவதில்லை. டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்ற ஆசிரியை எங்களிடம் இரண்டு வருஷம் நின்றால் அதுவே பெரிது. நான் குறையாகச் சொல்வது குழுவை அல்ல. கட்டணத்துக்கு வரம்பு இல்லாத காலத்தில் பெற்றோர் பட்ட பாட்டையும் பார்த்தவள்தான். ஆனால் ஆண்டுதோறும் புதிய ஆசிரியை வந்தால் வகுப்பில் என்ன நடக்கும் என்பதை அந்தக் கணக்குத் தாளில் எழுத வழியில்லை.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். புதிதாக வரும் பெண்ணுக்கு ஒரு வகுப்பைக் கையில் எடுக்க எளிய வழி கேள்வி பதிலை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைப்பது. சமச்சீர் பாடநூல் போக வொர்க்புக், டெஸ்ட் நோட், டிக்டேஷன் நோட். பெற்றோர் சாயங்காலம் பையைத் திறந்து பார்ப்பது நோட்டைத்தான். நிறைய எழுதியிருந்தால் நன்றாக நடத்துகிறார்கள் என்று திருப்தி. பிள்ளை வாசிக்கிறதா என்பதை அவர்கள் நோட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதனால் எழுதுவது கூடிக்கொண்டே போகிறது, வாசிப்பது குறைந்துகொண்டே போகிறது. இதை ஆசிரியைகள் கூட்டத்தில் நான் சொல்லாத வருஷம் இல்லை.

நான்கு சான்றும் சேர்ந்து விண்ணப்பம் ஏற்றிய பிறகு ஆய்வுக்கு வட்டாரக் கல்வி அலுவலர் வந்தார். பதிவேடுகளைப் பார்த்தார்: சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, எமிஸ் எனும் அரசின் இணைய மாணவர் பதிவில் உள்ள எண்ணிக்கையும் நேரில் இருக்கும் பிள்ளைகளும் ஒத்துப்போகிறதா, ஆசிரியைகளின் கல்விச் சான்றுகள். எல்லாம் முடிந்து தேநீர் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியவர், “ஒரு வகுப்புல உட்காரலாமா மேடம்?” என்று கேட்டார். இத்தனை ஆண்டுகளில் ஆய்வுக்கு வந்த யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

மூன்றாம் வகுப்புக்குக் கூட்டிப் போனேன். தமிழ்ப் பாடம். ஒரு பிள்ளையை எழுப்பிப் பாடத்தை வாசிக்கச் சொன்னார். கணீரென்று வாசித்தாள். அவர் புத்தகத்தை வாங்கி மூடிவிட்டார். அவள் நிறுத்தாமல் அதே வேகத்தில் சொல்லிக்கொண்டே போனாள். சிரித்து, தட்டிக்கொடுத்து, உட்கார வைத்தார். பிறகு கரும்பலகையில் ஒரு வரி எழுதினார்: ‘குளத்தில் நீர் வற்றியதால் கொக்கு வரவில்லை.’ எந்தப் புத்தகத்திலும் இல்லாத வரி. குளத்தில் என்பது வந்தது, நீர் வந்தது. ‘வற்றியதால்’ என்ற இடத்தில் வரிசையாக நின்றார்கள். ஒருவன் ‘வந்ததால்’ என்று ஊகித்தான். பின் பெஞ்சில் ஒரு சிறுமி மட்டும் வ, ற், றி என்று உதட்டுக்குள் கூட்டி, கடைசியில் சரியாகச் சொன்னாள். கேட்டால், அவள் வீட்டில் அப்பா மளிகைக் கடையில் பொட்டலம் கட்ட வைத்திருக்கும் பழைய பேப்பரை வாசித்துக் காட்டச் சொல்வாராம்.

அந்த அலுவலர் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தைக் கவனித்து வருபவர். கொரோனாவுக்குப் பிறகு எழுத்தே மறந்து வந்த பிள்ளைகளை அட்டை, பாட்டு, குழு வேலை என்று படிப்படியாக வாசிக்க வைப்பதைப் பார்த்தவர். ‘உங்க பிள்ளைங்க கையெழுத்து அழகா இருக்கு. புது வரியை வாசிக்கிறதுல அங்கே இருக்கிற பிள்ளைங்க இவங்களைவிட முன்னாடி இருக்காங்க’ என்று என்னிடம் தனியாகச் சொன்னார். இதை ஆய்வறிக்கையில் எழுதுவீர்களா என்று நானே கேட்டேன். எழுதினால் நல்லது என்றுதான் கேட்டேன். நிர்வாகத்திடம் காட்ட எனக்கு ஒரு தாள் வேண்டும்.

“ரிப்போர்ட்ல இதுக்கு இடம் இல்லையே மேடம்” என்றார். படிவத்தைத் திருப்பியும் காட்டினார். வகுப்பறையின் நீளம் அகலம் இருந்தது, காற்றோட்டம் இருந்தது, விளையாட்டுத் திடல் இருந்தது, ஆசிரியையின் தகுதி இருந்தது. பிள்ளை வாசிக்கிறதா என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. பார்வையாளர் பதிவேட்டைக் கேட்டு வாங்கி அதில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

தொடர் அங்கீகார ஆணை மூன்று ஆண்டுகளுக்கு வந்தது. அதன் நகலையும் நிர்ணயித்த கட்டண விவரத்தையும் வாசல் பலகையில் ஒட்டியிருக்கிறோம். சான்றுகளின் காலாவதித் தேதிகளை மட்டும் ஒரு தனித்தாளில் எழுதி அலுவலகச் சுவரில் வைத்திருக்கிறேன். அடுத்தவருக்கு இந்தத் தாள் இருந்தாலே பாதி அலைச்சல் மிச்சம்.

நிர்வாகக் கூட்டத்தில் அந்த இரண்டு வரியைத் தாளாளர் ஐயாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை வொர்க்புக் வாங்குவதை நிறுத்திவிட்டோம். 2018-ல் மத்திய அரசு ஒன்று, இரண்டாம் வகுப்புப் பையின் எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. பெற்றோர் கூட்டத்தில் ஒரு தராசைக் கொண்டுவந்து பையை நிறுத்துக் காட்டித்தான் பேசினேன். காலையில் முதல் பாடவேளை இப்போது வாசிப்பு. கரும்பலகையில் ஆசிரியை அன்றன்றைக்குப் புதிதாக எழுதும் வரிகள், ஊர்ச் செய்தி, கடை போர்டு, பழைய சிறுவர் இதழ்கள். நோட்டில் எதுவும் எழுதுவதில்லை என்று சில பெற்றோர் வந்து சண்டை போட்டார்கள். ஒரு குடும்பம் டி.சி. வாங்கிக்கொண்டு போனது. மற்றவர்களிடம் ஒன்றுதான் சொன்னேன்: இரவு சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு தாளைக் கொடுத்துப் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள், வாசிக்கவில்லை என்றால் மறுநாள் என்னிடம் வாருங்கள். சிலர் வருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளை மதியம் தனியாக உட்கார வைத்து நானே எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுக்கிறேன்.