கூரை

மார்ச் 16, 2024, சனி

லண்டனில் டவுன் ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். பிக்காடில்லியிலிருந்து பிரியும் குறுகலான தெரு. எப்போதோ மூடிய பாதாள ரயில் நிலையத்தின் கருஞ்சிவப்பு ஓடுகள்தான் முதலில் கண்ணில் படும். 7ஆம் எண்ணில், ரஷ்யாவை விட்டு வந்து இங்கே தஞ்சம் புகுந்த கோடீஸ்வரர் போரிஸ் பெரெசோவ்ஸ்கியின் அலுவலகம் இருந்தது. 2006 நவம்பர் 1 அன்று, ஹோட்டலில் விஷம் கலந்த தேநீர் குடித்துவிட்டு வந்த முன்னாள் ரஷ்ய உளவு அதிகாரி அலெக்சாந்தர் லித்வினென்கோ இங்கேதான் சில தாள்களை நகல் எடுத்தார். பிற்பாடு இங்கேயும் அவரைக் கொன்ற பொலோனியம்-210 என்ற கதிரியக்க விஷத்தின் தடயம் கிடைத்தது. நகல் எடுத்துக்கொண்டிருந்த மனிதருக்கு அப்போது ஒன்றுமே தெரியாது. அந்த நினைப்பு என்னை அங்கிருந்து நகரவிடவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

மஸ்வெல் ஹில். செங்கல் வீடுகள், ஒரு வாசலில் சாய்த்து வைத்த குழந்தை சைக்கிள். லித்வினென்கோ மனைவி, மகனோடு குடியிருந்த வீடு பெரெசோவ்ஸ்கி கொடுத்தது. செச்சென்ய விடுதலைத் தலைவர் அஹ்மத் ஸகாயெவும் அதே தெருக்காரர். விஷம் குடித்த அன்று நண்பரைத் தன் காரில் வீட்டுக்குக் கூட்டி வந்ததும் அவர்தான்.

பெரெசோவ்ஸ்கி சம்பாதித்த விதத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். சோவியத் ஒன்றியம் சரிந்தபோது நாட்டுச் சொத்தை வாரிக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். ஆனால் உயிருக்குப் பயந்து ஓடி வந்த குடும்பத்துக்கு வீடு கொடுத்தார். அதைச் சின்ன விஷயமாக என்னால் பார்க்க முடியவில்லை.

மார்ச் 20, புதன்

ரஷ்யக் கோடீஸ்வரர் ரோமன் அப்ரமோவிச் மீது பெரெசோவ்ஸ்கி போட்ட வழக்கைப் பற்றி இரவெல்லாம் படித்தேன். கேட்டது 300 கோடி பவுண்டுக்கு மேல். கையில் எழுத்து ஒப்பந்தம் இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. அப்ரமோவிச் தந்த பணம் 'கிரிஷா'வுக்காக, அதாவது பாதுகாப்புக்காக என்றது எதிர்த்தரப்பு. ரஷ்ய மொழியில் அந்தச் சொல்லுக்குக் கூரை என்று பொருள். நாம் 'பெரியவர் நிழலில் ஒதுங்குவது' என்போமே, அது. 2012 ஆகஸ்ட் 31 அன்று நீதிபதி எலிசபெத் கிளோஸ்டர், பெரெசோவ்ஸ்கியின் சாட்சியம் நம்பத்தக்கதல்ல என்று சொல்லி வழக்கைத் தள்ளினார்.

மார்ச் 23, சனி

பெரெசோவ்ஸ்கி இறந்து இன்றோடு 11 வருடம். அஸ்காட் அருகே பூட்டிய குளியலறையில் கிடந்தார். அந்த மாளிகை முன்னாள் மனைவியுடையது. மரண விசாரணையில் தற்கொலையா கொலையா என்று முடிவு சொல்லவில்லை.

வாட்டர்லூவில் ரயில் ஏறி புரூக்வுட் போனேன். அங்குதான் அடக்கம் செய்தார்கள். அவ்வளவு பெரிய இடுகாட்டில் கல்லறையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மழை வலுத்ததும் ஒரு மரத்தடியில் ஒதுங்கினேன்.