இழுவையில் நிற்கும் சிலிக்காக் கம்பியும் நீரும்: ஒரு கணினி ஆய்வின் அனுபவம்

கண்ணாடிக் குழாயை முறிப்பதற்கு முன் கீறலில் ஒரு துளி நீரைத் தொட்டு வைப்பது வேதியியல் ஆய்வகங்களில் நெடுநாள் வழக்கம். நனைந்த கீறல் எளிதில் முறியும். 1982-இல் மிச்சால்ஸ்கேயும் ஃப்ரைமனும் நேச்சர் இதழில் இதற்கு மூலக்கூறு அளவிலான விளக்கம் தந்தார்கள். கண்ணாடியின் அடிப்படைப் பொருளான சிலிக்காவில் இழுவிசைக்கு உள்ளான சிலிக்கான்–ஆக்சிஜன்–சிலிக்கான் பாலத்தை நீர் மூலக்கூறு தாக்கிப் பிளக்கும்போது, இரு பக்கமும் சிலிக்கானோடு OH இணைந்த சிலனால் தொகுதிகள் மிஞ்சுகின்றன. இந்த நிகழ்வை மெல்லிய சிலிக்கா நானோகம்பியில் அணு அணுவாகப் பின்தொடர்வதே முனைவர் பட்ட ஆய்வில் நான் எடுத்துக்கொண்ட வேலை.

வினையைக் கணக்கிடுவதைவிடக் கம்பியை உருவாக்குவதுதான் கூடுதல் பொறுமையைக் கேட்டது. சிலிக்காவை உயர் வெப்பநிலையில் உருக்கி, மெல்லக் குளிர்வித்து, அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.2 கிராமை ஒட்டி அமைகிறதா, சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பு 1.6 ஆங்ஸ்ட்ராம் அளவில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே அதிலிருந்து உருளையை வெட்டியெடுக்க முடியும். அணுக்களுக்கிடையிலான விசைகளைத் தரும் சமன்பாடுகளை விசைப்புலம் என்கிறோம்; இந்தக் கட்டத்துக்கு 1990-இல் வெளிவந்த பி.கே.எஸ் விசைப்புலம் போதுமானது. ஆனால் உருகுநிலைக்கு மேல் அணுக்கள் மிக நெருங்கும்போது அச்சமன்பாடு அவற்றை விலக்குவதற்குப் பதிலாக ஒன்றுக்குள் ஒன்றாக இழுத்துவிடும் என்பதால், குறுந்தொலைவில் ஒரு விலக்குவிசையைத் தனியே சேர்க்க வேண்டும். வெட்டிய பரப்பில் துணையிழந்து தொங்கும் பிணைப்புகள் மீண்டும் சூடேற்றும்போது தங்களுக்குள் இணைந்து, ஒரு சிலிக்கானைச் சுற்றி நான்கு ஆக்சிஜன்கள் நிற்கும் நான்முகிகள் இரண்டு ஒரு விளிம்பையே பகிர்ந்துகொள்ளும் இரட்டை வளையங்களாகின்றன. இயல்பான கண்ணாடியில் 145 பாகையை ஒட்டி இருக்கும் பாலக் கோணம் அந்த வளையங்களில் ஏறக்குறைய 90 பாகைக்குச் சுருங்கிவிடுகிறது. வெளியிலிருந்து யாரும் இழுக்காமலே திரிபு, அதாவது இயல்பான வடிவிலிருந்து விலகல், அங்கே குடியிருக்கிறது.

நீரைச் சேர்க்கும் கட்டத்தில் விசைப்புலத்தை மாற்றியாக வேண்டும். பி.கே.எஸ்ஸில் ஹைட்ரஜனே கிடையாது, சிலிக்கானுக்கு +2.4, ஆக்சிஜனுக்கு −1.2 என்ற மின்சுமைகளும் மாறாதவை. பிணைப்பு உடைவதையும் உருவாவதையும் ஏற்கும் ரியாக்ஸ் விசைப்புலத்தில் சிலிக்கா–நீர் இடைமுகத்துக்கென 2010-இல் வெளியான அளபுருக்களைப் பயன்படுத்தினேன். ஒவ்வொரு படியிலும் மின்சுமைகளைப் புதிதாகக் கணக்கிடுவதாலும், காலப்படி 0.25 ஃபெம்டோ நொடியாகச் சிறுத்துவிடுவதாலும், ஒரு நானோ நொடிக்கே 40 லட்சம் படிகள் தேவைப்படுகின்றன.

அந்த ஒரு நானோ நொடியில் கம்பியைப் பத்து விழுக்காடு நீட்டினால் திரிபு வீதம் (நொடிக்கு நீளம் எத்தனை மடங்கு கூடுகிறது என்பது) நொடிக்கு பத்துக் கோடி ஆகிறது. இவ்வளவு வேகத்தில் இழுக்கும்போது, நீர் வினைபுரிய நேரம் கிடைக்கும் முன்பே கம்பி தானாக அறுந்துவிடக்கூடும். ஆகவே அறுபடும் காட்சியை மட்டும் நம்பி நீரின் பங்கைப் பற்றி எதுவும் சொல்லக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. கம்பியைக் குறிப்பிட்ட திரிபில் நிறுத்தி, நீர் அணுகும் இடத்தைச் சுற்றியுள்ள சிறு பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, அதன் ஓர அணுக்களை நீட்டிய நிலையிலேயே பூட்டிவைத்துக் குவாண்டம் முறையில் கிளர்வு ஆற்றலை, அதாவது வினை தாண்டவேண்டிய தடையை, கணக்கிடுவதே நேர்மையான வழி. அதே பகுதியை வெவ்வேறு திரிபுகளில் எடுத்து ஒப்பிடும்போதுதான் இழுவை எவ்வளவு உதவுகிறது என்பது தெரியவரும்.

வினை நடக்கும் விதத்தை அருகிலிருந்து பார்ப்பது இந்த ஆய்வின் பெரிய மகிழ்ச்சி. இழுக்கும்போது முதலில் பாலக் கோணம் விரிகிறது. பிணைப்பு நீள்வது அதன் பிறகே. நீரின் ஆக்சிஜன் நெருங்கியதும் சிலிக்கான் சிறிது நேரம் ஐந்து ஆக்சிஜன்களுடன் நிற்கிறது; பின்னர் ஒரு புரோட்டான் பாலத்து ஆக்சிஜனுக்குத் தாவ, பாலம் திறக்கிறது. இரண்டாவது நீர் மூலக்கூறு பக்கத்தில் இருந்தால், அது ஒரு புரோட்டானை வாங்கித் தன்னுடைய இன்னொன்றைப் பாலத்துக்குக் கொடுத்துவிடுவதால் தடை கணிசமாகக் குறைகிறது. ஒற்றை மூலக்கூறோடு கணக்கை முடித்துக்கொள்பவர்கள் இந்தப் பாதையைத் தவறவிடுவார்கள். இரட்டை வளையங்களோ மற்ற பாலங்களைவிட வெகு எளிதில், இழுவை இல்லாமலேயே திறந்துகொண்டன.

இதே வேலையைத் தொடங்குபவர்கள் ஒரே உருகலிலிருந்து வெட்டிய ஒரு கம்பியை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். வளையங்கள் அமையும் இடம் கம்பிக்குக் கம்பி மாறும். நீருக்குப் பதில் அம்மோனியாவையும் கார்பன் மோனாக்சைடையும் வைத்து அதே கணக்கைச் செய்து பார்ப்பதும் நல்லது. ஒரு முனையில் பிணைப்பில் சேராத எலக்ட்ரான் இரட்டையும் மறுமுனையில் கொடுக்கக்கூடிய புரோட்டானும் கொண்ட அம்மோனியா, சோதனைகளில் சிலிக்காவின் விரிசலை வளர்க்கிறது. புரோட்டான் இல்லாத கார்பன் மோனாக்சைடு வளர்ப்பதில்லை. இந்த வேறுபாட்டைக் காட்டாத மாதிரியில் நீருக்குக் கிடைத்த எண்களையும் நான் ஏற்கமாட்டேன்.