கிளிப் போடப் போன இடத்தில் ஒளிஞ்சிருந்த கோரைப்பல்

மகளுக்கு 13 வயசு. கிளிப் போடலாம்னு நாகர்கோவில்ல ஒரு கிளினிக்குக்குப் போனோம். வாயைத் திறந்து பார்த்த கையோட, "இடம் பத்தல, நாலு பல்லு எடுக்கணும்"னு சொல்லி அட்வான்ஸும் வாங்கிட்டாங்க. ஓபிஜி (ரெண்டு தாடையும் எல்லாப் பல்லும் ஒரே படத்துல தெரியற எக்ஸ்ரே) எடுக்க வேண்டாமான்னு கேட்டதுக்கு, "அதெல்லாம் பிறகு பாத்துக்கிடலாம்க்கா"ன்னு பதில் வந்துது.

மனசு ஒப்பல. தக்கலையில வேற ஒரு டாக்டர்ட்ட காட்டினோம். மேல்வரிசையில வலதுபக்கக் கோரைப்பல் இறங்கியிருக்கு, இடதுபக்கம் பால்பல் ஆடாம அப்படியே இருக்கு. இறங்கப்போற கோரைப்பல் ஈறுக்குள்ள மேடா தட்டுப்படணுமாம். அவர் அந்த ஈறை விரலால அழுத்தித் தடவிப் பார்த்தார், மேடே தட்டுப்படல. பக்கத்து வெட்டுப்பல்லும் அரிசிமணி மாதிரி சின்னதா, கூம்பா இருந்துது. கோரைப்பல் இறங்காததும் பக்கத்துப் பல் இப்படிச் சின்னதா இருக்கிறதும் சேர்ந்து வர்றதுண்டாம். ஓபிஜி எடுத்தா, கோரைப்பல் எலும்புக்குள்ள சரிஞ்சு கிடக்கு. இப்படிக் கிடக்கிற பல் பக்கத்துப் பல்லோட வேரை அரிச்சிரலாம்னு சொன்னப்போதான் எனக்கு வயித்தைக் கலக்கிச்சு. நாலு பல்லையும் பிடுங்கின பிறகு இதுவும் இறங்காம போயிருந்தா?

அண்ணத்துப் பக்கமா உதட்டுப் பக்கமான்னு ஓபிஜியில உறுதியாத் தெரியாது, அதனால சிபிசிடி (பல்லையும் தாடையையும் முப்பரிமாணமா காட்டுற ஸ்கேன்) எழுதினார். அங்கேதான் அலைச்சல். ஸ்கேன் சென்டர்ல பிலிமை நீட்டி, "இது போதும்"னாங்க. டாக்டர் கேட்டது முழு ஃபைலை. சண்டை போட்டு சிடி வாங்கிட்டு தக்கலைக்குப் போனா, அது காலி சிடி! திரும்ப வடசேரி பஸ். இந்தத் தடவை பென்டிரைவ் கொண்டுபோய், அவங்க கம்ப்யூட்டர்லேயே திறந்து காட்டச் சொல்லி, பேரும் தேதியும் பார்த்த பிறகுதான் கவுண்டரை விட்டு நகர்ந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்க.

பால்பல்லை எடுத்து, அண்ணத்து ஈறைத் திறந்து, கோரைப்பல்லுல சின்னச் சங்கிலி ஒட்டினது அரைநாள் வேலை. இனி அதைக் கம்பியோட சேர்த்து மெதுவா இழுக்கணும், மாசக்கணக்காகும். சின்னப் பல்லைக் கடைசியில பல் நிறப் பசை வச்சு வடிவாக்கித் தருவாங்களாம்.

இது குடும்பத்துல வரலாம்ங்கிறதால 10 வயசு மகனையும் காட்டினேன். ரெண்டு பக்கமும் மேடு தட்டுப்படுது, நிம்மதி. பிள்ளைங்களுக்குப் பத்து வயசானா இந்த மேடு தட்டுப்படுதான்னு பல் டாக்டர்ட்ட கேட்டுப் பார்த்திருங்க.

முதல் கிளினிக் அட்வான்ஸ்ல பாதிதான் திருப்பித் தந்திருக்கு. ரசீது கையில இருக்கு, விடப்போறதில்ல.