‘அப்’ யார் பக்கம்?

ஆங்கிலத்தில் ‘ஹி ரேன் அப் எ ஹில்’, ‘ஹி ரேன் அப் எ பில்’ என்ற இரண்டு வாக்கியங்கள். இரண்டிலும் அதே ‘அப்’தான். முதல் வாக்கியத்தில் அது மலையோடு ஒட்டி நிற்கிறது. எங்கே ஓடினான் என்று கேட்டால் ‘அப் எ ஹில்’ என்று பதில் வரும். இரண்டாவதில் அது ‘ரேன்’ பக்கம் சாய்ந்துவிட்டது. பாக்கியை ஏறவிட்டான் என்று பொருள். முன்னது பிரிபொசிஷன், பின்னது பார்ட்டிகிள்.

தமிழ் இலக்கணம் தெரிந்தவருக்கு இது எளிது. ‘மலையில்’ என்பதில் ‘இல்’ பெயரை விட்டுப் பிரியாது. பிரிபொசிஷனும் அப்படித்தான், பெயருக்கு முன்னால் வருகிறது, அவ்வளவே. பார்ட்டிகிளோ நம் துணைவினைக்கு நெருங்கிய சொந்தம்: ‘டேர் இட் அப்’ என்றால் கிழித்துப் போடு, ‘ட்ரிங்க் இட் அப்’ என்றால் குடித்துவிடு.

சந்தேகம் வந்தால் பெயரை எடுத்துவிட்டு ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘டர்ன் ஆஃப் தி லைட்’, ‘டர்ன் தி லைட் ஆஃப்’ இரண்டுமே சரி. ‘இட்’ வந்தால் ‘டர்ன் இட் ஆஃப்’ மட்டுமே. பார்ட்டிகிள் பின்னுக்குப் போயே ஆகவேண்டும். ‘பிக் அப் ஹிம்’ என்று எழுதுவது தவறாவது இதனால்தான். பிரிபொசிஷன் அசையாது: ‘லுக் அட் இட்’ உண்டு, ‘லுக் இட் அட்’ கிடையாது.

பொருள் மாறினாலே பார்ட்டிகிள் என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதை நம்பாதீர்கள். ‘லுக் ஆஃப்டர்’ என்றால் கவனித்துக்கொள். ‘பின்னால்’ என்ற பொருளே அதில் இல்லை. ஆனாலும் ‘லுக் ஆஃப்டர் ஹெர்’தான், ‘ஹெர்’ நடுவில் நுழையாது. ஆகவே பிரிபொசிஷன். ‘த்ரூ’வைப் பாருங்கள், இன்னும் அழகு: ‘ஷி ஸா த்ரூ ஹிம்’ என்றால் அவன் வேஷத்தைக் கண்டுகொண்டாள், ‘ஷி ஸா ஹிம் த்ரூ’ என்றால் கஷ்டம் தீரும்வரை துணை நின்றாள்.

காதும் உதவும். ‘லுக் இட் அப்’ என்பதில் அழுத்தம் ‘அப்’ மேல் விழும். ‘லுக் அட் இட்’ என்பதில் ‘லுக்’ மேல்.

‘சிட் டவுன்’ போல ஆப்ஜெக்ட் (செயப்படுபொருள்) இல்லாத இடத்தில் ‘டவுன்’ பார்ட்டிகிள். ஆனால் ‘வாட் ஆர் யூ லுக்கிங் அட்?’ என்பதில் ‘அட்’ கடைசியில் நின்றாலும் பிரிபொசிஷனே. அதற்குரிய ‘வாட்’ முன்னால் போயிருக்கிறது.

இரண்டும் சேர்ந்தும் வரும். ‘லுக் ஃபார்வர்ட் டு’வில் ‘ஃபார்வர்ட்’ பார்ட்டிகிள், ‘டு’ பிரிபொசிஷன்; அதன் பின்னால் பெயர்போல நிற்கும் ‘மீட்டிங்’தான் வரும். கடிதத்தின் கடைசி வரியில் ‘டு மீட் யூ’ என்று எழுதாமல் ‘டு மீட்டிங் யூ’ என்று எழுதவேண்டியது அதனால்தான்.