ஒரு கட்டிங் எத்தனை கிராம்?

கணையம் வீங்கி வந்திருக்கும் ஆளை வார்டு வாசலில் இருந்தே கண்டுபிடித்துவிடலாம். மல்லாந்து படுக்க மாட்டார். கட்டிலில் உட்கார்ந்து, தலையணையை வயிற்றோடு அமுக்கிக்கொண்டு, முன்பக்கமாகக் குனிந்திருப்பார். மேல்வயிற்றில் தொடங்கும் வலி முதுகுக்கு ஊடுருவிப் போகும். குனிந்தால்தான் கொஞ்சம் தாங்கும். "கேஸ் பிடிச்சிருக்கு" என்று சோடாவைக் குடித்து, ஊரிலேயே ஒரு ஊசியும் போட்டுப் பார்த்துவிட்டு, இரண்டாம் நாள்தான் எங்களிடம் வருவார்கள்.

பன்னிரண்டு வருஷம் வார்டில் செவிலியராக இருந்தேன். கடந்த ஏழு வருஷமாக டெல்டாவில் ஒரு மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை. கணைய அழற்சி யாருக்கு எதனால் வருகிறது, ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வராமல் தடுக்க என்ன செய்யலாம் என்பதுதான் ஆய்வு. ரத்தமும் ஸ்கேனும் டாக்டர்கள் பார்ப்பார்கள். வலி அடங்கியதும் நோயாளி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்பது என் வேலை. குடி, புகை, பித்தப்பைக் கல், சாப்பிடும் மாத்திரைகள், ரத்தத்தில் கொழுப்பு, குடும்பத்தில் வேறு யாருக்கும் உண்டா என்று பல பக்கப் படிவம். ஆரம்பத்தில் அரைமணி நேரத்தில் நிரப்பிவிட்டு எழுந்துவிடுவேன். இப்போது ஒருவருக்கு இரண்டு மணி நேரமாவது ஆகிறது, அதுவும் ஒரே நாளில் முடிவதில்லை.

குடியைப் பற்றிய கேள்வியில்தான் முதலில் இடறினேன். "ஒரு நாளைக்கு எத்தனை டிரிங்க்" என்று படிவம் கேட்கிறது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு டிரிங்க் என்று ஓர் அளவு கிடையாது. குவார்ட்டர் உண்டு, ஆஃப் உண்டு, ஒரு குவார்ட்டரை இரண்டு பேர் பிரித்துக்கொள்ளும் கட்டிங் உண்டு. "எப்பவாச்சும் கட்டிங்தான் சிஸ்டர்" என்று ஒருவர் சொன்னால், நான் ஒன்று என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். குவார்ட்டர் 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அதில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம். கட்டிங்கில் 30. டிரிங்க் என்பதை 10 கிராம் என்று வைத்தாலும் சரி, அமெரிக்கர்கள் மாதிரி 14 கிராம் என்று வைத்தாலும் சரி, நான் ஒன்று என்று எழுதியதெல்லாம் இரண்டோ மூன்றோ. தினமும் நாலைந்து டிரிங்கைத் தாண்டும்போது கணையத்துக்கு ஆபத்து நன்றாகவே ஏறுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. தினம் ஒரு குவார்ட்டர் போடுகிறவர் "நான் அளவாத்தான் குடிப்பேன்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதை அவருக்கு யாரும் கிராமில் சொன்னதில்லை, அவ்வளவுதான். பழைய படிவங்களை எடுத்து, போனில் கூப்பிட்டுக் கேட்டு, ஒவ்வொன்றாகத் திருத்தினேன். இரண்டு மாதம் ஆனது.

பீடியும் இதே கதைதான். "சிகரெட் பிடிப்பீங்களா?" என்றால் "அந்தப் பழக்கமே இல்லை" என்பார்கள், மடியில் பீடிக்கட்டு இருக்கும். புகை தனியாகவே கணையத்தைக் கெடுக்கும், குடியோடு சேர்ந்தால் இன்னும் மோசம். குடிக்கிறவர்களில் கொஞ்சம் பேருக்குத்தான் இந்த நோய் வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்து முப்பது வருஷம் குடித்தவருக்கு ஒன்றும் ஆகாமல் இவருக்கு மட்டும் ஏன் என்று வீட்டில் உள்ளவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. குடிக்குப் பின்னால் புகையோ, மரபணுவோ, கொழுப்போ இன்னொன்று நிற்கிறதா என்று தேட வேண்டும். படிவத்தில் குடி என்று டிக் அடித்ததும் மற்ற பக்கங்களை வேகமாகத் தள்ளிவிடும் பழக்கம் எனக்கும் இருந்தது.

இதற்கு நேர்மாறான தப்பு ஒன்று உண்டு, அது என்னை இன்னும் உறுத்துகிறது. ஒரத்தநாடு பக்கத்து விவசாயி ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர். வாழ்க்கையில் குடித்ததே இல்லை என்றார். ஆனால் முதல் நாள் ராத்திரி எழுதிய கேஸ் ஷீட்டில் "மது" என்று இருந்தது. யாரோ அனுமானத்தில் எழுதியது. அதை வைத்து அடுத்த நாள் ரவுண்ட்ஸில் கேள்வி, அப்புறம் சொந்தக்காரர்கள் கேள்வி. மனைவி தலையைத் தூக்கவே இல்லை. மூன்றாம் நாள் நான் போனபோது அவர் சொன்னார்: "வலியக் கூடத் தாங்கிடுவேன் சிஸ்டர். இத்தன வருசம் மானமா இருந்துட்டு, பொண்ணு குடுத்த எடத்துல இப்புடி ஒரு பேரு வாங்கணுமா?"

நான் படிவத்தை மூடி வைத்துவிட்டு, வலி வருவதற்கு முந்தைய வாரம் நாளுக்கு நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். குருத்துப்பூச்சிக்கு மருந்து அடித்திருக்கிறார். முதுகில் மாட்டும் தெளிப்பான் ஒழுகியிருக்கிறது. சட்டை நனைந்தது நனைந்தபடி வெயிலில் அரை நாள் நின்றிருக்கிறார். அவர் சொன்ன மருந்து ஆர்கனோபாஸ்பேட் வகை. அந்த வகை உடம்பில் கோலினெஸ்டெரேஸ் என்ற நொதியை முடக்கிவிடும். அதனால் நரம்புகளின் தூண்டுதல் அடங்காமல் போய், கணையம் அளவுக்கு மீறி முடுக்கிவிடப்படும். தோல் வழியாக ஏறியே கணைய அழற்சி வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவு உண்டு. ரத்தத்தில் அந்த நொதியைப் பார்க்கச் சொன்னோம், குறைவாகவே இருந்தது. வேறு காரணம் எதுவும் கிடைக்கவில்லை. டாக்டர் கேஸ் ஷீட்டில் இருந்த "மது" என்பதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பக்கத்தை அவர் மனைவியிடம் காட்டினேன். படிக்கத் தெரியாது, ஆனாலும் அடித்திருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

அன்றிலிருந்து படிவத்தின் கடைசியில் என் கையால் ஒரு வரி சேர்த்தேன்: மருந்து தெளித்தாரா, எப்போது, உடம்பில் பட்டதா. நெல் விளையும் ஊரில் இந்தக் கேள்வி இல்லாமலே ஒரு படிவம் இவ்வளவு நாள் ஓடியிருக்கிறது.

பித்தப்பைக் கல் விஷயத்தில் காரணம் ஸ்கேனிலேயே தெரிந்துவிடும். அங்கே எங்கள் சிக்கல் வேறு. வலங்கைமான் பக்கத்தில் இருந்து நடவுக் கூலிக்குப் போகும் ஓர் அம்மா வந்தார். லேசான அழற்சி, ஐந்தே நாளில் வலி போய்விட்டது. கல் எப்படிக் கணையத்தைக் கெடுக்கும் என்று கேட்டார். பித்தக்குழாயும் கணையக்குழாயும் சேர்ந்து குடலுக்குள் திறக்கும் வாய் ஒன்றுதான். இரண்டு வாய்க்கால் சேரும் மடைவாயில் ஒரு கட்டை வந்து அடைத்தால் இரண்டிலும் தண்ணீர் எதுக்கும் இல்லையா, அப்படித்தான் என்றேன். கணையத்தின் நீர் கறியைக் கரைக்கிற நீர். குடலுக்குப் போய் வேலை செய்ய வேண்டியது உள்ளேயே விழித்துக்கொண்டால் கணையத்தையே செரிக்க ஆரம்பித்துவிடும். 1896-லேயே ஹான்ஸ் கியாரி என்ற மருத்துவர் இதைச் சொல்லிவிட்டார். பெரிய கல்லைவிடப் பொடிக்கல்தான் நழுவி வந்து அடைக்கும் என்றும் சொன்னேன். அந்த அம்மாவுக்கு நன்றாகப் புரிந்தது. "அப்ப கட்டையை எடுத்துடுங்களேன்" என்றார்.

எடுத்திருக்க வேண்டும். நெதர்லாந்தில் நடந்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. லேசான அழற்சி வந்தவர்களுக்கு வீட்டுக்கு அனுப்பும் முன்பே பித்தப்பையை எடுத்தால், கல்லால் வரும் பிரச்சினைகள் 17 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைகின்றன என்று அது காட்டியது. எங்கள் பிரிவில் எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் அறுவை அரங்கில் நாள் கிடைக்கவில்லை, ஆறு வாரம் கழித்து வரச் சொல்லி சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்த அம்மாவும் சம்பா நடவு முடிந்து வருகிறேன் என்று போய்விட்டார். இடையில் யாரோ சொன்னார்கள் என்று தினமும் வாழைத்தண்டுச் சாறு குடித்திருக்கிறார். சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லும் வைத்தியம் அது. "கல்லு" என்ற ஒரே சொல்லில் இரண்டும் கலந்துபோகிறது. ஐந்தாவது வாரம் நடுராத்திரி ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். கண் மஞ்சளாக இருந்தது, மூச்சு வாங்கியது. இந்த முறை லேசானது இல்லை. பிழைத்துவிட்டார், ஆனால் மூன்று வாரத்துக்கு மேல் படுக்கை. நகை அடகுக்குப் போனது, பெண்ணின் கல்லூரிப் படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போனது.

தடுப்பு ஆய்வு என்றால் புது மருந்து தேடுவது என்று என் வீட்டில்கூட நினைக்கிறார்கள். எனக்கோ அந்த அம்மாவின் ஐந்து வாரம்தான் நினைவுக்கு வருகிறது. நடந்ததை ஒரு பக்கமாக எழுதித் தலைமை மருத்துவரிடம் கொடுத்தேன். இப்போது எங்கள் அறுவை அரங்கில் வாரத்தில் ஒரு நாள் இப்படிக் கல்லால் அழற்சி வந்தவர்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு நாள் போதாது, ஆனாலும் இருக்கிறது.

குடியும் பித்தப்பைக் கல்லும் இல்லாமல் சின்ன வயதிலேயே வருவது ஒன்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். கணையம் முழுக்கக் கற்களோடு, சர்க்கரை நோயோடு, எலும்பும் தோலுமாக ஒரு பையன் வந்தான். பதினெட்டு வயது. வெப்ப நாடுகளில் ஏழைகளிடம் காணப்படும் நோயாக இதை 1959-ல் இந்தோனேசியாவில் இருந்து சூயிடெமா எழுதினார். அடுத்து கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்த்து விரிவாக எழுதினார். மரவள்ளிக்கிழங்கு மேல்தான் அப்போது சந்தேகம். கிழங்கே அதிகம் சாப்பிடாத இடங்களிலும் நோய் இருந்தது, அதனால் அந்தக் கருத்து நிற்கவில்லை. 2000-க்குப் பிறகு ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் இவர்களில் பலருக்கு இருப்பது தெரியவந்தது. கணையத்துக்குள் ட்ரிப்சின் என்ற செரிக்கும் நொதி தவறி விழித்தால் அதை அடக்கிவைக்கும் காவல் அந்த மரபணுவின் வேலை. "நான் ஊட்டுனதுல ஏதாச்சும் தப்பா சிஸ்டர்?" என்று பையனின் அம்மா கேட்டபோது, இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. பல பேர் பல வருஷம் ஆராய்ந்ததன் பலன் அந்த ஒரு வார்த்தையாக என் வாயில் வந்தது.

அப்புறம், மறுபடி வராமல் தடுப்பது. பின்லாந்தில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2009-ல் வந்தது. குடியால் முதல் தடவை அழற்சி வந்த 120 பேர். எல்லோரிடமும் வார்டிலேயே ஒரு செவிலியர் உட்கார்ந்து பேசினார். பாதிப் பேரை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி வரவழைத்துப் பேசினார். இரண்டு வருஷத்தில், ஒரு தடவை மட்டும் பேசியவர்களில் 13 பேருக்குத் திரும்ப வந்தது. தொடர்ந்து பேசியவர்களில் 5 பேருக்குத்தான். மருந்து இல்லை, கருவி இல்லை. ஒரு செவிலியர் அரைமணி நேரம் பேசியிருக்கிறார். அந்தக் கட்டுரையை முதலில் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதையே இங்கே செய்கிறோம். ஆறு மாதம் என்பதை டெல்டாவின் மாதங்களுக்குப் பொருத்த வேண்டியிருந்தது. நடவிலும் அறுப்பிலும் யாரும் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார்கள். அறுப்புக் கூலி கைக்கு வரும் வாரம்தான் குடி கூடும் வாரமும். அதற்கு முன்னால் கூப்பிட்டால்தான் பிரயோஜனம். போன் நம்பர் மாறியிருந்தால் டவுன் பஸ் பிடித்து வீட்டுக்கே போவேன். நீடாமங்கலம், அம்மாபேட்டை பக்கம் சில வீடுகளில் எனக்கென்று ஒரு டம்ளரே இருக்கிறது. போனதும் குடித்தீர்களா என்று கேட்க மாட்டேன். சாப்பாடு செரிக்கிறதா, மலத்தில் எண்ணெய் மிதக்கிறதா, சர்க்கரை பார்த்தீர்களா என்று கேட்டு, பேச்சு தானாக அங்கே வரும்வரை இருப்பேன்.

போன ஜூனில், வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரம், தினமும் குவார்ட்டர் போட்டுக்கொண்டிருந்த ஒருவரைக் கூப்பிட்டேன். அவருக்கு அது நாலாவது போன்.

"நாத்தங்கால்ல நிக்கிறேன், சொல்லுங்க சிஸ்டர்."

"இந்த ஆறு மாசம் எப்புடி அண்ணே?"

கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. "ஒங்ககிட்ட மறைக்க மாட்டேன். மச்சான் வூட்டுக் காதுகுத்துல ஒருக்கா, திருவிழாவுல ஒருக்கா. ரெண்டும் கட்டிங்தான்."

முப்பதும் முப்பதும் அறுபது கிராம் என்று எழுதிக்கொண்டேன். "பீடி?"

"ஒரு கட்டு போயிட்டிருந்துச்சு. இப்ப நாலு பீடிதான்."

"சரிண்ணே. அடுத்து மார்கழியில கூப்பிடுறேன்."

"தை பொறந்தா அறுப்பு, அதுக்குள்ள கூப்புட்டுருங்க" என்றார்.